கார் ஷெட்டில் ஒரு ஒர்க் ஷாப்: முதல் செலவு எர்த்துக்கு!

கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொடும்போது விரலில் "சுர்" என்று ஓர் உணர்வு வருகிறதா? செருப்பு போட்டிருந்தால் தெரிவதில்லை. வெறும் காலுடன் தரையில் நின்றால் தெரிகிறதா? நம்மில் பலர் இதற்கு "ஸ்டேட்டிக் கரண்ட்" என்று பெயர் வைத்து விட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இன்ஜினியரிங் படித்த நானும் எங்கள் திருவண்ணாமலை வீட்டில் பல வருடங்கள் அப்படித்தான் இருந்தேன். வீட்டு ஷெட்டில் ஒரு சின்ன ஒர்க் ஷாப் அமைக்கலாம் என்று கிளம்பிய பிறகுதான் அது ஸ்டேட்டிக் இல்லை என்று புரிந்தது. எனவே இந்தக் கட்டுரையில் ஸ்குரூ டிரைவருக்கு முன்னால் எர்த் குழியைப் பற்றிப் பேசப் போகிறேன். பொறுத்துக் கொள்ளுங்கள்.

முதலில் ஆசை வந்த கதை. ஹியூலெட், பேக்கார்ட் என்ற இரண்டு நண்பர்கள் 1938-ல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோ நகரில் ஒரு வாடகை வீட்டின் கராஜில் வேலையைத் தொடங்கினார்கள். கையில் இருந்த முதலீடு 538 டாலர். அதில் பழைய டிரில்லிங் மெஷின் ஒன்றின் விலையும் அடக்கம். அங்கு உருவான ஆடியோ ஆஸிலேட்டரின் அடுத்த மாடலில் எட்டினை டிஸ்னி ஸ்டுடியோ வாங்கியது. நம் ஊர்க்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். கோவை ஜி.டி.நாயுடு, ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கினார். அதைப் பிரித்துப் பிரித்து மாட்டியே மெக்கானிக் வேலையைக் கற்றுக் கொண்டார். கராஜ் கதைகளை அப்படியே நம்பவும் வேண்டாம். ஆப்பிள் கம்ப்யூட்டரின் கராஜ் கதை கொஞ்சம் கட்டுக்கதைதான் என்று ஸ்டீவ் வோஸ்னியாக்கே 2014-ல் சொல்லி விட்டார். டிசைன் வேலை எதுவும் அங்கு நடக்கவில்லையாம்!

என் தேவை அவ்வளவு பெரியதல்ல. கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். மாலையில் பழைய கம்ப்யூட்டர்களைச் சரி செய்ய, சால்டரிங் செய்ய, சின்னச் சின்ன சர்க்யூட்டுகள் போட, ஒரு 3டி பிரிண்டரை வைக்க இடம் வேண்டும். எங்கள் வீட்டில் கார் கிடையாது; ஆனால் கார் ஷெட் உண்டு. பத்தடிக்குப் பதினாறடி. அதில் அப்பாவின் ஸ்கூட்டர், கார்த்திகை தீபத்துக்கு வரும் சொந்தக்காரர்களுக்கான பாய் தலையணை மூட்டைகள், இன்வெர்ட்டர், அதன் பேட்டரி எல்லாம் இருந்தன.

இதில் முதலில் வெளியேற்றியது பேட்டரியை. தண்ணீர் ஊற்றும் வகை லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். அதன் பக்கத்தில் டிரில்லிங், கிரைண்டிங் என்று தீப்பொறி பறக்கும் வேலையை வைத்துக் கொள்ளக் கூடாது. காற்றோட்டமான படிக்கட்டு அடிக்கு அதை மாற்றினோம். அப்பாவின் ஸ்கூட்டரை அசைக்க முடியவில்லை. அது ஓரமாக இன்றும் நிற்கிறது.

அம்மாவுக்கு அடித்த ஷாக்

சுத்தம் செய்த ஷெட்டில் ஒரு மேஜையைப் போட்டு, பழைய கம்ப்யூட்டரை அங்கு மாட்டினேன். அம்மா பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு டீ கொண்டு வந்தார். வெறும் கால், கீழே சிமெண்ட் தரை. டம்ளரை வைக்கும்போது முழங்கை கேபினெட்டில் பட்டது. டம்ளர் பறந்தது. "டேய், என்னடா இதுல கரண்ட் வருது?" என்றார். "அது ஸ்டேட்டிக்தாம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு சொல்ல மனம் வரவில்லை. மல்டிமீட்டரை எடுத்தேன்.

கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ். உள்ளே, இரைச்சலை வடிகட்டுவதற்காக லைனிலிருந்து பாடிக்கு ஒன்று, நியூட்ரலில் இருந்து பாடிக்கு ஒன்று எனச் சிறிய கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் ஒழுங்காக இருந்தால் அவற்றின் வழியே கசியும் மிகச் சிறிய கரண்ட் எர்த் ஒயரில் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினெட் நடுவில் தொங்கும். 230 வோல்ட்டில் பாதி, அதாவது சுமார் 115 வோல்ட் அதில் நிற்கும். டெஸ்டர் வைத்தால் எரியும். கரண்ட் அளவு ஒரு மில்லி ஆம்பியருக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்பதால் பொதுவாக உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் அந்த "சுர்", உங்கள் வீட்டில் எர்த் இல்லை என்று கம்ப்யூட்டர் அனுப்பும் மெசேஜ். அதே பிளக்கில் நாளை ஒரு டிரில்லிங் மெஷினைச் செருகி, அதன் உள்ளே லைன் ஒயர் பாடியைத் தொட்டு விட்டால், அப்போது பாடியில் நிற்பது முழு 230 வோல்ட். கசியும் கரண்ட்டுக்கும் அளவு இருக்காது.

உங்கள் வீட்டிலும் சோதித்துப் பார்க்கலாம். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் 600 அல்லது 750 ரேஞ்சில் வைத்திடவும். மூன்று பின் சாக்கெட்டில் லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230-க்கு அருகில் காட்ட வேண்டும். லைனுக்கும் எர்த்துக்கும் இடையிலும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் இருந்தால் கவலை இல்லை. என் ஷெட்டில் லைன்-எர்த் 94 என்று காட்டி, பிறகு ஆடிக் கொண்டே இருந்தது. எர்த் ஓட்டை அழகாக இருக்கிறது; பின்னால் எதுவும் இல்லை என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. மீட்டர் சரியாகக் காட்டினாலும் எர்த் நன்றாக உள்ளது என்று சொல்லிவிட முடியாது. மீட்டர் எடுத்துக் கொள்ளும் கரண்ட் மிகக் குறைவு என்பதால், பாதி துருப்பிடித்த ஒயர் கூடப் பாஸாகி விடும். லைனுக்கும் எர்த்துக்கும் இடையே நூறு வாட்ஸ் பல்பு போட்டுப் பார்க்கும் பழைய முறையை நீங்களாகச் செய்திட வேண்டாம். எர்த் அறுந்திருந்தால் பல்பு வழியே வரும் மின்சாரம் வீட்டில் உள்ள பிரிட்ஜ், வாஷிங் மெஷின் என எல்லாப் பாடிகளிலும் ஏறிவிடும். எலக்ட்ரீஷியனிடம் எர்த் மெக்கர் இருந்தால் அதில் ஓம்ஸ் கணக்கில் அளந்து சொல்வார். அதுதான் சரியான வழி.

பாறை ஊரில் குழி தோண்டுவது

போர்டைக் கழற்றினால் பச்சை ஒயர் வெட்டி மடக்கி வைக்கப்பட்டிருந்தது. பழைய எர்த் குழியில் ஜி.ஐ. கம்பி தொட்டவுடன் உதிர்ந்தது. சரி, புதிதாகப் போடலாம் என்றால் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் சிரித்தார். "தம்பி, இது மலை அடிவாரம். நாலடி போனா பாறைதான். ரெண்டு பேர் ரெண்டு நாள் தோண்டணும். யோசிச்சுக்கோங்க."

அவர் சொன்னபடியே நாலடியில் கடப்பாரை "டங்" என்றது. பைப் எர்த்துக்கு இந்தியத் தர விதியான ஐ.எஸ். 3043 சொல்வது இரண்டரை மீட்டர் நீளப் பைப். அதற்கு முன்பே பாறை வந்தால் பைப்பைச் சாய்த்துப் புதைக்கலாம். ஆனால் சாய்வு செங்குத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்றும் அதிலேயே உள்ளது. கட்டிடச் சுவரில் இருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வேறு இடம் பார்த்து, சாய்த்து, இரண்டு பைப்புகளை ஒன்றுக்கொன்று ஐந்து மீட்டர் இடைவெளியில் இறக்கினோம். இரண்டையும் இணைத்து விட்டால் ரெசிஸ்டன்ஸ் குறையும். கரியும் உப்பும் போடுவது பழைய வழக்கம். உப்பு பைப்பையே அரித்து விடும் என்பதால் பென்டோனைட் மண் கலவையைப் போட்டோம். எர்த் குழி வேலைக்கு ஆன செலவு, நான் வாங்கிய டூல்ஸ் எல்லாவற்றையும் விட அதிகம்! அப்பாவுக்கு இதில் இன்னும் வருத்தம்தான்.

அப்படியும் மெக்கர் காட்டியது 22 ஓம்ஸ். பிளஸ் டூ பிசிக்ஸ் இங்கே உதவியது. ஒரு மெஷினின் பாடியில் லைன் பட்டால் எர்த் வழியே ஓடக் கூடிய கரண்ட் 230-ஐ 22-ஆல் வகுத்தால் வருவது, சுமார் பத்தரை ஆம்பியர். ஷெட்டுக்குப் போட்டிருப்பது 16 ஆம்பியர் எம்.சி.பி. பத்தரை ஆம்பியருக்கு அது விழாது. அதாவது குழியும் தோண்டி, பணமும் கொடுத்து, பாதுகாப்பு மட்டும் இல்லை என்ற நிலை. இந்த இடத்தில்தான் ஆர்.சி.சி.பி. வருகிறது.

ஆர்.சி.சி.பி. என்ன செய்கிறது? லைனில் போகும் கரண்ட்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்ட்டும் சமமா என்று பார்த்துக் கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொடுவதற்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்து விடும். 22 ஓம்ஸில் 30 மில்லி ஆம்பியர் ஓடினால் பாடியில் ஏறுவது 0.66 வோல்ட் மட்டுமே. பாறை ஊர் எர்த்தும் இதற்குப் போதும். வாங்கும்போது 30 எம்.ஏ. என்று கேட்டு வாங்கிடவும். 100, 300 எம்.ஏ. வகைகள் ஆட்களைக் காப்பாற்ற அல்ல. ஓவர்லோடை இது கவனிக்காது என்பதால் எம்.சி.பி.யும் தேவை. லைனையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் இரு கைகளால் தொட்டால் ஆர்.சி.சி.பி.க்கு அது தெரியாது. மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். நான் பௌர்ணமி அன்று அழுத்துகிறேன். கிரிவலக் கூட்டம் ஞாபகப்படுத்தி விடுகிறது. ஷெட்டின் நியூட்ரல் வீட்டின் வேறு லைனோடு, குறிப்பாக இன்வெர்ட்டர் லைனோடு கலந்திருந்தால் சும்மா சும்மா விழும். அதற்காக அதைக் கழற்றி விடாமல் கலந்த ஒயரைத் தேடிப் பிரித்திடுங்கள்.

இனி மேஜையும் டூல்ஸும்

லோடு கணக்கு எளிது. டிரில்லிங் மெஷின் 600 வாட்ஸ், 3டி பிரிண்டர் 350, கம்ப்யூட்டர் 300, லைட்டும் ஃபேனும் 100. மொத்தம் 1350, ஆறு ஆம்பியருக்குள். மெயின் போர்டிலிருந்து தனியாக 2.5 சதுர மி.மீ. ஒயர் இழுத்தோம். சாக்கெட்டுகள் மேஜைக்கு மேலே இருக்கட்டும். கீழே வைத்தால் ஈரமும் தூசியும் ஒன்றாகச் சேரும்.

மேஜை ஒன்று போதாது, இரண்டு வேண்டும். நான் முதலில் ஒரே மேஜையில் எல்லாம் செய்தேன். அலுமினியத் தகட்டில் துளை போட்ட மறுநாள், கண்ணுக்குத் தெரியாத ஒரு துருவல் மதர்போர்டில் விழுந்து யு.எஸ்.பி. போர்ட் போனது. இப்போது ராவுகிற, அறுக்கிற வேலைக்குக் கடப்பா கல் போட்ட மேஜையும் பெஞ்ச் வைஸும் ஒரு மூலையில். எலக்ட்ரானிக்ஸுக்கு ரப்பர் மேட் விரித்த மர மேஜை எதிர் மூலையில்.

டூல்ஸை ஒரே நாளில் வாங்கிக் குவிக்க வேண்டாம். மல்டிமீட்டர், 25 வாட்ஸ் சால்டரிங் அயர்ன், நல்ல ஸ்குரூ டிரைவர் செட், நோஸ் பிளையர், கட்டர். இவ்வளவு போதும், ஆறு மாதம் ஓடும். மற்றதைத் தேவை வரும்போது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் வாங்கலாம். தீபத் திருவிழா நாட்களில் மட்டும் இந்தப் பயணத்தை வைத்துக் கொள்ளாதீர்கள். பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தி விடுவார்கள். பெட்டியைத் தலையில் வைத்து நடக்க வேண்டியதுதான். சால்டரிங் புகை ஃபிளக்ஸ் புகைதான், ஈயம் அல்ல. ஆனாலும் மூச்சுக்கு நல்லதில்லை, சின்ன ஃபேன் வைத்து வெளியே தள்ளுங்கள். ஈயம் ஏறுவது கை வழியாக. கை கழுவாமல் முறுக்கு சாப்பிடாதீர்கள்.

3டி பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸுக்கு அருகில் இளகத் தொடங்கும். மே மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஷெல்ஃபில் வைத்த பாகங்கள் எனக்கு வளைந்து போயின. உங்கள் கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் லைட் மாட்ட அதில் துளை போடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. சுவரிலிருந்து ஒரு ஆங்கிள் அடித்து மாட்டிடவும்.

எல்லாம் முடிந்து மூன்றாவது வாரம், அப்பா தன் பழைய இரும்பு பாடி டிரில்லிங் மெஷினை எடுத்து வந்தார். அலமாரிக்கு ஸ்டாண்டு அடிக்க வேண்டுமாம். சுவிட்சை அழுத்தியதும் ஷெட் முழுக்க இருட்டு. "என்னடா, கரண்ட் போயிடுச்சா?" என்றார். வீட்டில் லைட் எரிந்தது. ஆர்.சி.சி.பி. விழுந்திருந்தது. தூக்கி விட்டு மறுபடி அழுத்தினார், மறுபடி விழுந்தது. மெஷினைப் பிளக்கிலிருந்து எடுத்துக் கழற்றிப் பார்த்தோம். ஒயர் பாடிக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் தேய்ந்து, சிவப்பு ஒயரின் செம்பு இரும்பைத் தொட்டுக் கொண்டிருந்தது. அப்பா வெறும் காலுடன் நின்றிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மெஷினுக்குப் புது மூன்று கோர் ஒயர் போட்டு, நுழையும் இடத்தில் ரப்பர் புஷ் வைத்தேன். மறுநாள் காலையில் எர்த் குழியின் மூடியைத் திறந்து அவராகவே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் கொண்டிருந்தார்.