மோதல் கணக்கில் முதலில் திசையைப் போடுங்கள்

படிவம் 4 இயற்பியலில் உந்தம் வரும் பகுதியைப் பலர் "சூத்திரம் தெரிஞ்சா போதும்" என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். பள்ளிப் புத்தகத்தில் அதன் பெயர் மொமெந்தும். பொருண்மையைத் திசைவேகத்தால் பெருக்கினால் உந்தம். வெளியிலிருந்து வேறு விசை குறுக்கிடாத வரை, மோதலுக்கு முன் இருந்த மொத்த உந்தமும் பின் இருக்கும் மொத்த உந்தமும் சமம். இந்த விதி எல்லாருக்கும் மனப்பாடம். திசைவேகத்தில் இருக்கும் 'திசை'தான் மறந்துபோகும். புள்ளி போவது அங்கேதான்.

ஒரு கணக்கு பார்ப்போம். 1200 கிலோகிராம் கார் வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வருகிறது. எதிரே ஒரு மோட்டார், ஓட்டுபவரையும் சேர்த்து 200 கிலோகிராம், வினாடிக்கு 20 மீட்டர். நேருக்கு நேர் மோதி, இரண்டும் சிக்கிக்கொண்டு ஒன்றாக நகர்கின்றன. என்ன வேகம்?

பேனாவை எடுத்ததும் ஓர் அம்புக்குறி போடுங்கள். கார் போகும் பக்கம் கூட்டல் என்று வைத்துக்கொண்டால் காரின் உந்தம் 18000. மோட்டார் எதிர்ப்பக்கம் வருகிறது, ஆகவே அதன் உந்தம் கழித்தல் 4000. மொத்தம் 14000. இதை 1400 கிலோகிராமால் வகுத்தால் வினாடிக்கு 10 மீட்டர், கார் போன பக்கமே.

கழித்தல் குறியை விட்டால் 22000 வரும், வேகம் 15.7. அப்படியென்றால் எதிரே வந்ததை மோதிய பிறகு கார் இன்னும் வேகமாகப் போகிறது! விடை எழுதியதும் "இது நடக்குமா?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்க. பாதித் தப்பு அப்பவே மாட்டிக்கும்.

இந்தக் கணக்கை இன்னும் மூடிவிடாதீர்கள். காரின் வேகம் 15-லிருந்து 10-க்கு இறங்கியது, மாற்றம் 5. மோட்டாரோ கழித்தல் 20-லிருந்து கூட்டல் 10-க்குப் போனது, மாற்றம் 30. இரண்டின் உந்த மாற்றமும் 6000தான். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி ஒன்றின் மேல் ஒன்று செலுத்திய விசையும் சமம். ஆனால் வேக மாற்றம் மோட்டாருக்கு ஆறு மடங்கு. நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மோட்டாரில் போனவர்கள். அதற்கான காரணங்களில் ஒன்றைத்தான் இப்போது கணக்காகப் போட்டோம். தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் நுரை நசுங்கும்போது, தலை நிற்க எடுக்கும் நேரம் கூடுகிறது. உந்த மாற்றம் அதே அளவு, நேரம் ஐந்து மடங்கு என்றால் சராசரி விசை ஐந்தில் ஒரு பங்கு. தாடைப் பட்டையை மாட்டாமல் போட்டால் கவசமே கழன்று ஓடிவிடும், அது வேறு விஷயம்.

அடுத்து கேரம். 15 கிராம் ஸ்ட்ரைக்கர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில், சும்மா இருக்கும் 5 கிராம் காயை நேராக அடிக்கிறது. "ஸ்ட்ரைக்கர் நின்னுடும், காய் 6 மீட்டர் வேகத்துல போகும்" என்பார்கள் சிலர். உந்தம் சரியாகத்தான் இருக்கிறது: முன்னே 15 பெருக்கல் 2, பின்னே 5 பெருக்கல் 6. ஆனால் இயக்க ஆற்றலைப் பாருங்கள். முன்பு 0.03 ஜூல், பின்பு 0.09 ஜூல். மூன்று மடங்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது? உந்தம் மட்டும் சமமானால் போதாது. மோதலில் இயக்க ஆற்றல் தானாகக் கூடவும் கூடாது.

இயக்க ஆற்றல் வீணாகாத மோதல் என்று எடுத்து இரண்டு சமன்பாடுகளையும் சேர்த்துத் தீர்த்தால், ஸ்ட்ரைக்கருக்கு 1 மீட்டர், காய்க்கு 3 மீட்டர். கூட்டிப் பாருங்கள், உந்தமும் ஆற்றலும் சரியாக வரும். நேராக அடிக்கும்போது ஸ்ட்ரைக்கர் காயின் பின்னாலேயே போய்க் குழியில் விழுந்து ஃபவுல் ஆவதும் இதனால்தான். காயும் காயும் நேராக மோதினால் பொருண்மை சமம். அடித்த காய் ஏறக்குறைய அங்கேயே நின்றுவிடும்.

இனி உங்கள் முறை. அசையாமல் நிற்கும் 120 கிலோகிராம் படகிலிருந்து 60 கிலோகிராம் பையன் கரையை நோக்கி வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் குதிக்கிறான். படகு எந்தப் பக்கம், என்ன வேகத்தில் நகரும்? தொடக்கத்தில் மொத்த உந்தம் சுழியம் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். அம்புக்குறி போட மறக்காதீங்க.