சேரன்மாதேவி முதல் டோனாவூர் வரை

ஒரே நிலத்தில் உழைத்து, ஒரே அடுக்களையில் உண்டு, பிறப்பால் வந்த பேதங்களை வாயிற்படிக்கு வெளியே நிறுத்திவிட்டு வாழ முயன்ற கூட்டு ஸ்தாபனங்களைக் காண விரும்புகிறவர்கள், பெரும்பாலும் புதுச்சேரிக்கு அருகில் 1968-இல் தோன்றிய ஆரோவில்லையே நாடிச் செல்கிறார்கள். அது தகுதியான விருப்பமே. ஆயினும் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே நம் திருநெல்வேலிச் சீமையில் அத்தகைய இரண்டு பெருமுயற்சிகள் தொடங்கியிருந்தன என்பதையும், அவற்றுள் ஒன்று சில ஆண்டுகளிலேயே சிதைந்து மற்றொன்று நிலைத்தது என்பதையும் அறிந்தவர் சிலரே. இவ்விரண்டையும் தொடர்ந்து காண இரண்டு நாள் ஒதுக்கினால் போதுமானது.

பிரயாணத்திற்கு உகந்த காலம் மார்கழியும் தையும். வாய்க்கால்களில் நீர் நிறைந்து, பிசான நெற்பயிர் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை கட்டி நிற்கும். வெயிலும் சற்றுத் தணிந்திருக்கும். திருநெல்வேலிச் சந்திப்பில் காலையிலே தென்காசி ரயிலில் ஏறிப் பேட்டையைக் கடந்தால் சேரன்மாதேவி வந்துவிடும். பேருந்தில் வருவோருக்கும் அது சுமார் இருபது கிலோமீட்டரே. அடுத்த நிலையமாகிய காருகுறிச்சி, நாதசுர மேதை அருணாசலத்தின் ஊர் என்பதைச் சங்கீதப் பிரியர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

சேரன்மாதேவியில் அருங்காட்சியகத்தையோ, நுழைவுச் சீட்டையோ எதிர்பார்த்து இறங்க வேண்டா. இங்கே காண வேண்டியது கட்டடமன்று, சரித்திரம். ஆதலால் அதனை முன்னரே அறிந்துகொண்டு வருதல் நலம். லண்டனிலும் புதுச்சேரியிலும் புரட்சிக்காரராக வாழ்ந்து, 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்தியதன் பொருட்டுச் சிறைப்பட்டு, பெல்லாரிச் சிறையிலே கம்பனை ஆராய்ந்தெழுதிய வ.வே.சு. ஐயர், விடுதலையானபின் 1922-இல் கல்லிடைக்குறிச்சியில் வித்திட்டு, விரைவில் சேரன்மாதேவியில் நிலைபெறச் செய்த தமிழ்க் குருகுலத்துக்கும் பரத்வாஜ ஆசிரமத்துக்கும் உரிய மண் இது. சர்க்கார் பள்ளிக்கூடங்கள் குமாஸ்தாக்களை உண்டாக்கிய நாளில், கல்வியோடு தேகப் பயிற்சியும் வேளாண்மையும் கைத்தொழிலும் கற்று, ஆசிரியரும் மாணவரும் ஒரே குடும்பமாக வாழவேண்டும் என்பதே அவருடைய கனவு. 'பால பாரதி' என்னும் மாதப் பத்திரிகையும் அங்கிருந்து வெளிவந்தது. கன்னடியன் கால்வாய்க் கரையிலே சற்று நேரம் நடந்து, நீர் மடைமடையாகப் பிரிந்து வயலுக்குப் பாய்வதைப் பாருங்கள். உழைப்பும் கல்வியும் ஓரிடத்தில் இருக்கலாம் என்று நம்புவதற்கு இதைவிட இசைந்த இடத்தை அவர் தேர்ந்திருக்க முடியாது.

அத்தகைய கனவு எங்கே தடுக்கி விழுந்தது? பந்தியில். பெற்றோர் வேண்டிக்கொண்டதற்கு இணங்கி, பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது. எல்லாச் சாதியாரிடமிருந்தும், மலேயாத் தமிழரிடமிருந்துங்கூட நன்கொடை பெற்று, தமிழ்நாட்டுக் காங்கிரஸின் பொருளுதவியையும் ஏற்று நடந்த தேசிய ஸ்தாபனத்திலே இது நடந்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியாரும் கிளர்ந்தெழுந்தார்கள், வழக்குக் காந்தியடிகள் வரை சென்றது, 1925-இல் ஐயர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். ஐயர் சாதித் துவேஷியல்லர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இருவரே என்று எண்ணிச் செய்த சலுகைதான் குருகுலத்தின் உயிர்நிலையைத் தாக்கியது என்பதிலும் சந்தேகமில்லை. பின்னாளைய தமிழ்நாட்டு அரசியலின் திசையை மாற்றிய காரணங்களுள் தனியே போடப்பட்ட அந்த இரண்டு சாப்பாட்டு இலைகளும் அடங்கும். ஆகவே, எந்த ஆசிரமத்திற்குச் சென்றாலும் அதன் பிரார்த்தனை மண்டபத்திற்கு முன்னால் அதன் சாப்பாட்டுக் கூடத்தைப் பாருங்கள். யார் யாருடன் உட்காருகிறார்கள், யார் பாத்திரம் துலக்குகிறார்கள் என்பதை விசாரியுங்கள்.

நண்பகலுக்குள் மறுபடியும் ரயிலேறி அம்பாசமுத்திரத்தில் இறங்கி, பேருந்தில் பாபநாசம் போய்ச் சேரலாம். அகத்தியர் அருவிக்கு மேலேயுள்ள கல்யாண தீர்த்தத்தில்தான், 1925 ஜூன் மாதம் மாணவர்களோடு உல்லாசப் பிரயாணமாக வந்த இடத்தில், நீரில் விழுந்த மகள் சுபத்திரையைக் காக்கப் பாய்ந்து, ஐயரும் மாண்டார். இப்பகுதி களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. வனத்துறைச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பைகளையும் சோப்பு, ஷாம்பு வகைகளையும் அனுமதியார். ஆடி அமாவாசையை ஒட்டிக் காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் பெருங்கூட்டம் திரளும். அந்நாட்களைத் தவிர்ப்பது நன்று. பாறை வழுக்கும், சுழலின் ஆழம் மேலிருந்து பார்ப்போருக்குப் புலப்படாது. குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

மறுநாள் தெற்கே செல்லுங்கள். சேரன்மாதேவியிலிருந்து களக்காட்டுக்குச் சாலை இருக்கிறது. அதற்கும் அப்பால், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருக்குறுங்குடிக்கு அருகே டோனாவூர் இருக்கிறது. அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த சிறுமியர்க்குப் புகலிடம் அளிப்பதற்காக 1901-இல் தொடங்கிய இல்லம், நாளடைவில் டோனாவூர் ஐக்கியம் என்னும் பெருங்குடும்பமாயிற்று. சுதேசிகளும் விதேசிகளும் சம்பளமின்றி, நம் நாட்டு உடையுடுத்தி, சாதி பாராட்டாமல் இங்கே ஒன்றாக வாழ்ந்தார்கள். பணம் வேண்டுமென்று யாரிடமும் விண்ணப்பிப்பதில்லை என்பதை விரதமாகவே கொண்டார்கள். இது ஒரு சமயத்தின் வேலிக்குள் விளைந்த சமத்துவம் என்று சொல்பவர் உண்டு. அதனை நானும் மறுக்கவில்லை. எனினும் குருகுலத்தால் தாங்க முடியாத அந்தப் பந்திச் சோதனையை இவர்கள் தாங்கினார்கள். அதற்குரிய பெருமையைக் கொடுத்தே ஆகவேண்டும்.

அம்மையார் 1951-இல் காலமானார். தமக்குக் கல்லறைக் கல் வேண்டா என்று அவர் சொல்லியிருந்ததால், அவர் வளர்த்த மக்கள் பறவைகள் நீர் அருந்தும் ஒரு கல்தொட்டியை மரநிழலில் வைத்து, தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்லை அதில் பொறித்திருக்கிறார்கள். அதனைக் காணவேண்டுமானால், ஐக்கியத்தாருக்கு முன்னதாகவே எழுதி அனுமதி பெற்றுச் செல்லுங்கள். அது பிறர் குடியிருக்கும் வீடு, காட்சிச்சாலையன்று. எவரையும் படம் பிடிக்காதீர்கள். அங்கே வளர்ந்தவர்களிடம் பூர்வீகத்தையும் பெற்றோரையும் பற்றிக் கேட்காதீர்கள். தோட்டத்தையும் அடுக்களையையும் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். சாப்பிட அழைத்தால் மறுக்காமல் உட்காருங்கள். உண்டபின் உங்கள் தட்டை நீங்களே கழுவி வையுங்கள்.