சுவருக்குள் போவதில் சிக்கனம் வேண்டாம்

ஒலி அமைப்பு: கேள்வி-பதில்

கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், தேவாலயம் என்று பல இடங்களிலும் ஒலி இப்போது நெட்வொர்க் கேபிளில் ஓடத் தொடங்கிவிட்டது. சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஆம்ப்ளிஃபயர் அறைக்கு ஓட வேண்டியதில்லை. அந்தந்த இடத்துச் சுவரிலேயே ஒரு சிறிய ரிமோட் கருவியை மாட்டிக்கொள்ளலாம். அதைப் பொருத்துவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டுகிறோம். கீழே சாப்பாட்டுக்கூடம், மேலே மேடையுடன் பெரிய ஹால். ஒலியை நெட்வொர்க் கேபிளில் அனுப்பும் டான்டே முறையில் ஒலி அமைப்பு போட்டு, ஒவ்வொரு இடத்திலும் சுவர் ரிமோட் வைக்கலாம் என்கிறார் ஒலி அமைப்பாளர். பூச்சு வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. இப்போதே எதையெல்லாம் செய்துவைக்க வேண்டும்?
— மண்டப உரிமையாளர், கும்பகோணம்

சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். ரிமோட் பழசானால் நான்கு திருகைக் கழற்றிப் புதிதை மாட்டிவிடலாம். சுவருக்குள் புதைத்த பைப்பையும் கேபிளையும் அப்படி மாற்ற முடியாது. கையிருப்பு இடித்தால் ரிமோட்டில் ஒருபடி இறங்கி வாருங்கள். உள்ளே போகிற பொருளில் இறங்காதீர்கள்.

முதலில் இடம். ரிமோட்டைத் தொடுகிறவர் அங்கே நின்றபடியே அந்த ஒலியைக் கேட்க வேண்டும். ஹாலின் ஒலியை வராந்தாவில் நின்று திருகினால் அளவு பிடிபடாது. மேடையின் பின்சுவர் வேண்டவே வேண்டாம்; அலங்காரம் கட்டியதும் அது மறைந்துவிடும். கதவு திறந்தால் மூடிக்கொள்ளும் மூலை, கை கழுவும் இடத்தின் அருகே, ஓதம் ஏறும் வெளிச்சுவர் ஆகியவையும் ஆகாது. சாப்பாட்டுக்கூடத்தில் பந்தி விசாரிப்பவர் வழக்கமாக நிற்கும் பக்கம் பொருத்தமானது. உயரம் தரையிலிருந்து நான்கு அடிக்குள் இருந்தால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் கை எட்டும்.

அடுத்து பைப். ஒரு ரிமோட்டுக்கு 25 மி.மீ. பைப் போடுங்கள். திருப்பங்களில் எல்போ வேண்டாம், நீளமான பெண்டு வையுங்கள். மின்சார வயர் போகும் பைப்பில் இதைச் சேர்க்கக் கூடாது. இரண்டும் பக்கவாட்டில் ஓட நேர்ந்தால் ஓர் அடியாவது இடைவெளி விடுங்கள்; குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும். 230 வோல்ட் சுவிட்ச் இருக்கும் பெட்டியிலேயே ரிமோட்டையும் அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது உயிருக்கு ஆபத்து.

கேபிள், கேட் 6. ஒவ்வொரு ரிமோட்டிலிருந்தும் ஒலிக்கருவி அறை வரை இடையில் ஒட்டு இல்லாமல் தனித்தனியாக ஓட வேண்டும். ஈதர்நெட்டுக்கு மொத்த எல்லை 100 மீட்டர். அதில் சுவருக்குள் 90 மீட்டர், இரு முனையிலும் உள்ள இணைப்புக் கம்பிகளுக்கு 10 மீட்டர் என்பது கணக்கு. ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு கேபிளாக இழுத்துவிடுங்கள். ஒன்று பழுதானால் இன்னொன்று கைகொடுக்கும். நாளைக்கு அதே இடத்தில் மைக் இணைப்புப் பெட்டி வைக்கவும் உதவும்.

கடையில் கேபிள் வாங்கும்போது முழுச் செம்புக் கம்பியா என்று பாருங்கள். ஓர் இழையை எடுத்து பிளேடால் சுரண்டினால் போதும். மேலே செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அந்த ரகத்துக்கு மின்தடை அதிகம். மடக்கினால் எளிதில் ஒடியும். ரிமோட்டுக்கு மின்சாரமும் இதே கேபிளில்தான் போகிறது என்பதால் அலுமினியத்தில் மின்னழுத்தம் குறைந்து, ரிமோட் அவ்வப்போது அணைந்து எரியும். விலை குறைவு என்று அதை வாங்கிப் புதைத்தால் பிறகு சுவரைத்தான் உடைக்க வேண்டும்.

கடைசியாகப் பெட்டி. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெளிநாட்டு ரிமோட்டுகள் பல, அமெரிக்க அல்லது பிரிட்டிஷ் அளவுப் பெட்டிக்காகச் செய்யப்படுகின்றன. திருகுத் துளைகளுக்கு இடையே அமெரிக்கப் பெட்டியில் 83 மி.மீ., பிரிட்டிஷ் பெட்டியில் 60 மி.மீ. இருக்கும். நம் ஊர் மாடுலர் பெட்டியில் அந்தத் துளை பொருந்தும் என்று நம்பி உட்கார வேண்டாம். எந்த ரிமோட் என்பதை இப்போதே முடிவுசெய்து, அதற்கான பெட்டியையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஆழத்தையும் பாருங்கள். ரிமோட்டின் பின்புறம், அதில் செருகும் பிளக், அதற்குப் பின்னால் கேபிள் வளைய இடம் என மூன்றும் பெட்டிக்குள் அடங்க வேண்டும். கேட் 6 கேபிளை அதன் விட்டத்தைப் போல் நான்கு மடங்குக்குக் குறைவான ஆரத்தில் வளைக்கக் கூடாது. பெட்டியை ரசமட்டம் வைத்துப் பதியுங்கள். பூசும் முன் உள்ளே தெர்மோகோல் துண்டை அடைத்துவைத்தால் சிமென்ட் புகாது.

ரிமோட்டின் பின்னால் ஆர்ஜே45 துளை இருக்கிறது. நெட்வொர்க் சுவிட்சில் நேராகச் செருகலாம்தானே?
— எலக்ட்ரீஷியன், திண்டுக்கல்

கையேட்டைப் படிக்காமல் செருகாதீர்கள். துளை ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே ஓடுவது ஒன்றல்ல. சில ரிமோட்டுகள் உண்மையான ஈதர்நெட் கருவிகள். சுவிட்ச் தரும் மின்சாரத்திலேயே இயங்கும். வேறு சில, ஒலிச் செயலியின் (ஆடியோ புராசஸர்) தனித் துளையோடு மட்டுமே பேசும். அவற்றின் கேபிள் ஈதர்நெட் கேபிள் போலத் தெரிந்தாலும், அதன் வழியே போவது வேறு வகைக் கட்டளையும் நேர் மின்சாரமும். அந்தக் கேபிளை நெட்வொர்க் சுவிட்சில் செருகினால் ரிமோட்டோ சுவிட்சோ பழுதாகலாம். இரண்டு வகையும் இருக்கும் இடத்தில் கேபிளின் இரு முனையிலும் வேறு வேறு நிற லேபிள் ஒட்டுங்கள். உங்களுக்குப் பின் வருகிற எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்துத்தான் பிழைப்பார்.

கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகின்றன. ஆனாலும் ரிமோட் இணைப்பு விட்டுவிட்டு வருகிறது. ஏன்?
— வாசகர், ஓசூர்

ஜோடி மாறியிருக்கக்கூடும். கேட் 6 கேபிளில் எட்டு இழைகளும் நான்கு முறுக்கு ஜோடிகள். 1-2, 3-6, 4-5, 7-8 என்பது அவை உட்கார வேண்டிய இடம். பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று 1-2, 3-4, 5-6, 7-8 என்று வரிசையாகக் கோத்துவிட்டால், இரு முனையிலும் அதே தவறு இருப்பதால் எட்டு விளக்கும் எரியும். ஆனால் 3-ம் 6-ம் வெவ்வேறு முறுக்கைச் சேர்ந்த இழைகளாகிவிடும். அந்தச் சமிக்ஞை பக்கத்து ஜோடியோடு குழம்பும்.

நம் ஊரில் பரவலாகக் கோப்பது 568பி முறை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடியின் நடுவே நீல ஜோடி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் போதும். பிளக்கின் அருகே முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் பிரிக்காதீர்கள். அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால், ஜோடிக் குழப்பத்தைக் கண்டுபிடிக்கும் நல்ல டெஸ்டரை வாடகைக்கு எடுத்துச் சோதியுங்கள்.

ஆறு தொடுதிரை ரிமோட்டுகளை மாட்டினோம். சில எரியவில்லை. ஒலியும் நடுவில் டப் டப்பென்று வெட்டுகிறது.
— பள்ளி நிர்வாகி, திருநெல்வேலி

இரண்டு தொல்லைகள் சேர்ந்திருக்கின்றன. முதலாவது மின்சாரம். கேபிள் வழியே மின்சாரம் தரும் 2003-ம் ஆண்டின் தரத்தின்படி சுவிட்சின் ஒரு துளை 15.4 வாட் வரை தரும். கேபிளில் இழந்ததுபோக ரிமோட்டுக்கு 12.95 வாட் கிடைக்கும். ஆனால் சுவிட்ச் மொத்தமாக எவ்வளவு தரும் என்பது தனிக் கணக்கு. மொத்தம் 60 வாட் தரும் சுவிட்சில் ஆளுக்கு 12 வாட் கேட்கும் ஆறு தொடுதிரைகளை மாட்டினால் 72 வாட் வேண்டும். அதனால் ஐந்தோடு நின்றுவிடும். மொத்தத் தேவையைப் போல ஒன்றரை மடங்கு தரக்கூடிய சுவிட்சை வாங்குங்கள்.

இரண்டாவது சுவிட்சின் அமைப்பு. டான்டே கருவிகள் எல்லாம் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றி ஓடுகின்றன. வேலையில்லாத நொடியில் துளையைத் தூங்கவைக்கும் மின்சிக்கன வசதி சுவிட்சில் இருந்தால் அந்தக் கடிகாரச் செய்தி தாமதமாகும், ஒலி வெட்டும். அந்த வசதியை அணைத்துவிடுங்கள். கடிகாரச் செய்திக்கு முதல் முன்னுரிமை, ஒலிக்கு அடுத்தது, மற்றவை பிறகு என்று வரிசைப்படுத்துங்கள். இவற்றையெல்லாம் மாற்ற முடியாத மலிவு சுவிட்சாக இருந்தால் அதை மாற்றுவதே வழி. பள்ளியின் சிசிடிவி கேமராக்களையும் ஒலியையும் ஒரே சுவிட்சில் கலந்து வைத்திருந்தால் பிரித்துவிடுங்கள்.

விருந்தினர்கள் ரிமோட்டைத் திருகி சத்தத்தை ஏற்றிவிடுகிறார்கள். அக்கம்பக்கத்தார் புகார் செய்கிறார்கள்.
— மண்டப மேலாளர், சேலம்

பூட்டுப் போடுவதைவிட உச்சவரம்பு வைப்பது நல்லது. ஒலிச் செயலியில் ஒவ்வொரு ரிமோட்டுக்கும் இவ்வளவுக்கு மேல் ஏறாது என்று வரம்பு வைக்க முடியும். பிறகு யார் எவ்வளவு திருகினாலும் ஒலி அங்கேயே நிற்கும். அந்த வரம்பை உங்கள் விருப்பத்துக்கு வைக்காமல் சட்டத்தைப் பார்த்து வையுங்கள். ஒலி மாசு விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால் அந்த இடத்தின் எல்லையில் ஒலி, பகுதி அளவைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. மூடிய கூடத்துக்குள் உள்ளே இருப்பவர்களுக்காக மட்டும் ஒலிப்பதற்கு விலக்கு உண்டு. டெசிபல் மீட்டருடன் மண்டப எல்லையில் ஒருவரை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்துவைத்து அளந்து, வரம்பை முடிவுசெய்யுங்கள்.

பொத்தான்களையும் குறையுங்கள். விருந்தினர் கை படும் ரிமோட்டில் வரவேற்பு, முகூர்த்தம், பந்தி என்று தமிழில் எழுதிய மூன்று பொத்தான் போதும். முகூர்த்தம் என்பதை அழுத்தினால் பின்னணிப் பாட்டு நின்று, நாதஸ்வர மைக்கின் ஒலி கீழே சாப்பாட்டுக்கூடத்திலும் கேட்கும்படி முன்கூட்டியே அமைத்துவிடலாம். கெட்டிமேளத்தின்போது யாரும் ஓட வேண்டியிருக்காது.

எங்கள் தேவாலயம் பழைய சுண்ணாம்புச் சுவர்க் கட்டடம். சுவரை வெட்ட மனமில்லை. வைஃபையில் முடியுமா?
— பங்கு உறுப்பினர், நாகர்கோவில்

வெட்டாதீர்கள், உங்கள் மனம் சரி. ஒலியைக் கூட்ட, குறைக்கச் சொல்லும் கட்டளை மட்டும் வைஃபை வழியே டேப்லெட்டிலிருந்து போகலாம். டான்டே ஒலி வைஃபையில் ஓடாது, அதற்குக் கேபிள்தான். பலிபீடத்தின் பக்கத்து அறையில் ஒரு நிலையான ரிமோட்டும் இருக்கட்டும். டேப்லெட்டில் சார்ஜ் தீர்ந்த ஞாயிற்றுக்கிழமை அது உதவும். கேபிளை மரச் சட்டத்தின் ஓரமாக கேசிங் பட்டிக்குள் கொண்டுபோய், ரிமோட்டைச் சுவர்மேல் பொருத்தும் பெட்டியில் வைக்கலாம். பக்கத்தில் தனிக் கட்டடமாக இருக்கும் பங்கு மன்றத்துக்கும் இணைப்பு வேண்டுமானால் வெளியே செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். மின்னல் இரு முனைக் கருவிகளையும் சுட்டுவிடும். ஃபைபர் போடுங்கள்.

வேலை முடிந்ததும் ஒப்பந்தக்காரரிடம் என்னென்ன வாங்கிக்கொள்ள வேண்டும்?
— வாசகி, கோவை

ஐந்து பொருள்கள். பூசுவதற்கு முன், அளவு நாடாவைச் சுவரில் பிடித்து எடுத்த பைப்பின் படங்கள். எந்தக் கேபிள் எங்கே போகிறது என்ற வரைபடம். ஒவ்வொரு கேபிளின் சோதனை முடிவு. கருவிகளின் ஐ.பி. எண்களும் கடவுச்சொற்களும். ஒலிச் செயலியின் அமைப்புக் கோப்பு, பென் டிரைவில். இந்த ஐந்தும் கைக்கு வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள். அதற்கு முன் கொடுக்காதீர்கள்.