உட்கார்ந்து எழும்போது பிடிக்கும் முழங்கால்

திருவிழாக் காலத்தில் தீபாராதனைக்காக அனைவரும் எழும் நேரத்தைக் கவனித்தால் ஒன்று புலப்படும். இளையவர்கள் சட்டென எழுந்து கைகூப்புவார்கள். முதிய தாய்மார் சிலரோ ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் பக்கத்திலிருப்பவரின் தோளைப் பற்றி, "முருகா" என்றபடி மெல்ல எழுவார்கள். எழுந்ததும் உடனே நடக்க வராது. நாலைந்து அடி நொண்டி வைத்த பின்னரே கால் வழிக்கு வரும். இந்தச் சிரமத்தாலேயே கோயிலுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டவர்களும் தோட்டங்களில் உண்டு. "தரையில உட்கார முடியல, சாமிக்கு முன்னால கதிரையில எப்படி உட்கார்றது?" என்று லயத்து இஸ்தோப்பிலேயே இருந்து கும்பிட்டுவிடுகிறார்கள்.

இதனைச் சனி தோஷம் என்று எண்ணி வருந்துவோரும் உளர். எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றுவது நல்லதே. ஆயினும் முழங்காலுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். உடலைப் பேணுவதைத் திருமூலரே ஆன்மீகத்திற்குப் புறம்பான காரியமாகக் கருதவில்லை.

முழங்காலில் தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கின்றன. முன்னால் முழங்காற் சில்லு இருக்கிறது. எலும்புகளின் முனைகளை வழுவழுப்பான கசியிழையம் மூடியிருக்கும். இதற்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டுக்குள் ஊறும் பசை போன்ற திரவத்திலிருந்தே அது தன் உணவைப் பெறுகிறது. கால் அசையும்போது, பஞ்சைப் பிழிந்து விடுவதுபோல் அத்திரவம் உள்ளே சென்று வெளியே வரும். நெடுநேரம் மடக்கியபடியே இருந்தால் இந்த ஓட்டம் குறைகிறது, சுற்றியுள்ள தசைகளும் இறுகுகின்றன. தேய்மானம் கண்ட மூட்டில் இது விறைப்பாகத் தெரியும். லீவு நாள் கழிந்து தேயிலை ஸ்டோரில் ஓடத் தொடங்கும் இயந்திரம் முதற் சில சுற்றுக்கு முனகுவதை ஒப்பாகச் சொல்லலாம்.

மலையில் உழைத்த கால்களுக்கு இந்தத் தேய்மானம் முந்தி வந்தால் வியப்பில்லை. செயற்கை முழங்காலுக்குள்ளேயே அளவு கருவி பொருத்தி 2010ஆம் ஆண்டில் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்று, சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கும், படி இறங்கும்போது மூன்றரை மடங்கும் மூட்டில் அழுத்தம் விழுவதைக் காட்டியது. அப்படியானால் 50 கிலோ எடையுள்ள பெண் படி இறங்கும்போது ஒரு முழங்கால் தாங்குவது 175 கிலோ. பசறை, மடுல்சீமை, நமுனுகுலைச் சரிவுகளில் கொழுந்துக் கூடையோடு மடுவத்துக்கு இறங்கும் தாய்க்கு அந்தக் கூடையின் பாரமும் இதனோடு சேரும். முப்பது வருடம் இப்படி ஏறி இறங்கிய முழங்கால் அது.

இளையவர்களுக்கு வருவது பெரும்பாலும் வேறு வகை. ஓட்டோ ஓட்டுபவர்கள், தையல் இயந்திரத்தில் இருப்பவர்கள், பதுளையிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் கால் நீட்ட இடமின்றிப் போகிறவர்கள் ஆகியோர் சில்லுக்குப் பின்னால் நோகிறது என்பார்கள். சினிமாக் கொட்டகையில் இருந்து எழும்போது வரும் வலி என்றே மருத்துவர்கள் இதற்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். தொடையின் முன்தசையைப் பலப்படுத்தினால் இது பெரும்பாலும் தணியும்.

வலிக்கிறது என்று படுத்தே இருப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஓய்ந்திருந்தால் தொடைத் தசை மெலிகிறது, மெலிந்தால் பாரம் முழுவதும் மூட்டில் விழுகிறது. கதிரையில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, மெல்ல இறக்க வேண்டும். ஒரு காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும் செய்தால் போதும். அரை மணித்தியாலத்துக்கு மேல் ஒரே இருப்பில் இருக்கக் கூடாது. எழும்புவதற்கு முன் காலை நாலைந்து முறை மடக்கி நீட்டிக்கொண்டால் அந்த முதல் அடிகள் இலகுவாகும். விறைப்புக்குச் சுடுநீர் ஒத்தடம் சுகம் தரும். எண்ணெய் பூசித் தேய்ப்பதும் அவ்வாறே. உடல் பருத்தவர்கள் ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ பாரம் குறையும்.

ஊன்றுகோலைப் பலரும் நோகும் கால் பக்கமே பிடிக்கிறார்கள். அது பிழை. வலது கால் நொந்தால் இடது கையில் பிடிக்க வேண்டும். லயத்துப் படிகளில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில்.

மாத்திரை விடயத்தில் கவனம் தேவை. டைக்ளோபெனக் போன்ற வலி மாத்திரைகளை டவுனில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிரஷரும் சீனி வியாதியும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட. சிறுநீரக நோய் பலரை வாட்டிய கிராந்துருக்கோட்டைப் பகுதி நமது மாவட்டத்திலேயே இருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பெயர் தெரியாத பொடிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

தேய்மானத்தால் வரும் விறைப்பு பொதுவாக அரை மணித்தியாலத்துக்குள் விட்டுவிடும். காலையில் ஒரு மணித்தியாலம் கடந்தும் விடாமல், இரு கை விரல் மூட்டுகளும் வீங்கினால் அது முடக்கு வாதமாக இருக்கலாம். ஆரம்பத்திலேயே சிகிச்சை தொடங்கினால் மூட்டுகள் கோணாமல் காக்கலாம். காய்ச்சலோடு மூட்டு சிவந்து சுட்டாலும், விழுந்த பின் கால் ஊன்ற முடியாவிட்டாலும், ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பதுளை போதனா வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளில் பரிசோதனை இலவசம். ஒரு நாள் பேர் போய்விடுமே என்று தாய்மார் தள்ளிப்போடுவது புரியக்கூடியதே. பிள்ளைகள்தான் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும்.

கதிர்காமத்துக்கு நடக்க நேர்ந்துகொண்டவர்கள் கடைசி வாரத்தில் நடந்து பழகக் கூடாது. இரண்டு மாதம் முன்பே தோட்டத்து ரோட்டில் சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டி வர வேண்டும்.

பஞ்சாங்க நமஸ்காரம் செய்ய இயலாதவர் நின்றபடி சிரமேற் கைகூப்பினாலும் வணக்கம் வணக்கமே. முருகப் பெருமான் முழங்காலைக் கணக்குப் பார்ப்பவன் அல்லன். மண்டபத்தின் தூண் ஓரமாக நாலைந்து கதிரைகளைப் போட்டு வைப்பது பரிபாலன சபையினருக்கு ஆகாத காரியமன்று. இருக்கை முழங்கால் உயரத்துக்குக் குறையாமல், இரு பக்கமும் கைபிடியோடு இருந்தால் எழும்புவது சுலபம்.