எடை குறைந்தால் விலையும் குறையும்

நண்டுக்கும் வண்டுக்கும் உடலைத் தாங்கும் சட்டகம் உடலுக்கு வெளியே அமைந்துள்ளது. அதனைப் புறச்சட்டகம் என்பர். அதுபோன்ற ஒரு சட்டகத்தை மனிதர் அணிந்துகொள்ளுமாறு செய்து, இடுப்பிலும் முழங்காலிலும் மோட்டார்களைப் பொருத்தினால், வலுவிழந்த கால்களாலும் நடக்க இயலும். இதுவே விசையூட்டிய புறச்சட்டகம் ஆகும்.

1960களில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 'ஹார்டிமன்' என்னும் சட்டகத்தை உருவாக்க முயன்றது. அதன் எடை ஏறத்தாழ 680 கிலோ. முழுவதும் ஒருங்கே இயக்கப்பட்டபோது அது கட்டுக்கடங்காமல் ஆடியது. அம்முயற்சி கைவிடப்பட்டது.

பின்னர் இஸ்ரேல் நாட்டுப் பொறியாளர் அமித் கோஃபர், 1997இல் விபத்தொன்றில் உடல் செயலிழந்த பிறகு, 'ரீவாக்' என்னும் சட்டகத்தை வடிவமைத்தார். அணிந்தவர் உடலை முன்னே சாய்த்தால், உணரிகள் அச்சாய்வை அறியும்; உடனே மோட்டார்கள் காலை எடுத்து வைக்கும். ஊன்றுகோல்கள் உடலின் சமநிலையைக் காக்கும். ஆயினும் இத்தகைய கருவியின் விலை பல இலட்சம் ரூபாய்.

விலை உயர்வதற்கு எடையும் ஒரு காரணம். சட்டகம் கனத்தால் வலிய மோட்டார் வேண்டும். வலிய மோட்டாருக்குப் பெரிய மின்கலம் வேண்டும். பெரிய மின்கலம் எடையை மேலும் கூட்டும். எனவே, எளிய விலையில் முன்மாதிரி செய்ய விரும்புவோர் முதலில் எடையைக் குறைக்க வேண்டும்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. ஐதராபாத்தில் ஏவுகணை ஆய்வில் ஈடுபட்டிருந்த அப்துல் கலாம், நிசாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் 3 கிலோவுக்கும் மேற்பட்ட உலோகத் தாங்கிகளைக் காலில் அணிந்து, அடிகளை இழுத்து இழுத்து நடந்த சிறுவர்களைக் கண்டார். ஏவுகணைக்காக உருவாக்கிய இலேசான பொருளைக் கொண்டு, மூன்றே வாரங்களில் 300 கிராம் எடையுள்ள தாங்கிகளை அவரது குழு செய்தளித்தது. அத்தாங்கிகளில் மோட்டார் இல்லை. ஆயினும் சிறுவர்களின் நடை எளிதாயிற்று.

எடையைக் குறைத்தபின் எண்ண வேண்டியது பயன்படும் இடம். பலமனேர் போன்ற மேட்டுநில ஊரில் தெருக்கள் ஏறியும் இறங்கியும் செல்லும். அங்குப் பயன்படும் சட்டகம் சரிவில் நிலைதவறக் கூடாது. மின்கலம் தீர்ந்தாலும் அணிந்தவர் விழாதவாறு மூட்டுகள் பூட்டிக்கொள்ள வேண்டும். பழுதானால் உள்ளூர்ப் பட்டறையிலேயே சீர்செய்ய இயல வேண்டும். வாங்கும் விலை குறைவாக இருந்தும் பழுதுபார்க்கப் பெருநகருக்குச் செல்ல நேர்ந்தால், அக்கருவி ஏழைக்கு எட்டாததே ஆகும்.

சிந்தித்து எழுதுக
1. சட்டகத்தின் எடை அதன் விலையை எவ்வாறு உயர்த்துகிறது?
2. கலாமின் குழு செய்த தாங்கிகளால் சிறுவர்கள் பெற்ற பயன் யாது?
3. உங்கள் ஊரில் பயன்படும் புறச்சட்டகத்திற்கு இருக்க வேண்டிய இரண்டு பண்புகளைக் காரணத்துடன் எழுதுக.