உன் மங்கம்மா யார்?

கண்ணு,

நீ அனுப்பியது வந்து சேர்ந்தது. வாட்ஸ்அப்தான் என்றாலும் அவ்வளவு நீளமாக எழுதினால் அது கடிதம்தான். லிண்டல் மட்டத்தோடு நின்றுபோன வீடு, இன்னும் பணம் கேட்டு முரண்டு பிடிக்கும் காண்ட்ராக்டர், மாதம் பிறந்தால் வங்கித் தவணை. இதற்கு நடுவே பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “அத்தை, சுதா நான்தான்” என்கிறாய். அதற்கப்புறம் தினமும் ராத்திரி அதையே போட்டுப் பார்த்து அழுகிறாயாம். உன் அம்மா சொன்னாள்.

உனக்கு அப்படித் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. 1988-இல் வந்த படம். பாட்டு இல்லை, சண்டை இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதும், வேலைக்குப் போகும் சுதா சொந்த வீடு கட்டக் கிளம்புகிறாள், அவ்வளவுதான் கதை. பாலு மகேந்திரா மட்டக்களப்புப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் அவர்கள் வீடு கட்டத் தொடங்கியதும் அம்மாவிடம் இருந்த சிரிப்பு போய்விட்டது, அந்த ஞாபகம்தான் படமானது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் அம்மாவுக்கு நடந்தது சுதாவுக்கு நடந்தது. இன்று உனக்கு நடக்கிறது. அதைப் பார்த்து நான்கு நாள் அழுதால் தப்பில்லை. அழுதாயிற்று.

இனி சுதாவை விட்டுவிட்டு மற்றவர்களைப் பார். சித்தாள் மங்கம்மாவைக் கவனித்தாயா? சிமெண்ட் மூட்டை எங்கே போகிறது என்று படித்த சுதாவுக்குத் தெரியவில்லை, மங்கம்மாவுக்குத் தெரிகிறது. காண்ட்ராக்டர் போனால் போகட்டும், நாங்கள் இருக்கிறோம் என்று நிற்பதும் அவள்தான். உன் மனையில் வேலை பார்த்தவர்களில் ஒருவரோடாவது உட்கார்ந்து பேசியிருக்கிறாயா? உன் கடிதத்தில் காண்ட்ராக்டர் பெயர் வரிக்கு வரி வருகிறது, கொத்தனார் பெயர் ஓரிடத்திலும் இல்லை. எத்தனை மூட்டை இறங்கியது, அதில் எத்தனை மூட்டை சுவருக்குப் போனது என்று அவரைக் கேள். கணக்கு கையில் இருந்தால்தான் காண்ட்ராக்டரிடம் பேச முடியும்.

அப்புறம் சுதாவின் தாத்தா. சொக்கலிங்க பாகவதர் நடிக்கிறார் என்றே தோன்றாது. அரைகுறையாக நிற்கும் வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பிப் போகிறாரே, பார்த்துவிட்டு உயிரோடு வீடு திரும்புவதில்லையே, அந்த இடத்தில் உனக்கு யார் ஞாபகம் வந்தது? என் அண்ணன் இன்னும் உன் மனையைப் பார்க்கவில்லை. முழுசாக முடிந்ததும் காட்டலாம் என்று நீ வைத்திருக்கிறாய். முடியாத வீட்டைக் காட்ட உனக்கு வெட்கம். பார்க்க அவருக்கு ஒரு வெட்கமும் இல்லை.

முடிவைப் பற்றி எழுதியிருந்தாய்: “கடைசியில் எல்லாம் போச்சு.” சரியாகப் பார்க்கவில்லை நீ. வீடு நிற்பது குடிநீர் வாரியம் எடுத்துக்கொண்ட நிலம் என்று தெரிந்ததும் சுதாவும் அவள் காதலன் கோபியும் கோர்ட்டுக்குப் போகிறார்கள். தீர்ப்புக்காகக் காத்திருக்கும்போதுதான் படம் முடிகிறது. சுதா கைவிடவில்லை. இந்த விஷயத்தில் நீ சுதா இல்லை, நீ இன்னும் தாலுகா ஆபீஸ் படியே ஏறவில்லை!

வில்லங்கச் சான்று எடுத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காதே. பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். நிலத்தைக் கையகப்படுத்த அரசு அறிவிப்பு விட்டிருந்தால் அது அதில் வராமலும் போகலாம். சர்வே எண்ணை எழுதிக்கொண்டு தாலுகா ஆபீஸில் கேள், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார், மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்று விசாரி. இனிமேல் காண்ட்ராக்டருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வேலை முடிந்த அளவுக்குத்தான், எழுத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஆட்டோவில் கூட்டிப் போய் மனையைக் காட்டு. திங்கட்கிழமை லீவு போடு, தாலுகா ஆபீஸுக்கு நானும் வருகிறேன்.

அன்புடன்,
அத்தை