வேனில் ஒரு சாப்பாட்டுப் பை



நான் ஏர்கோன் பழுதுபார்க்கும் வேலை செய்கிறேன். வாரத்தில் நாலு நாள் கம்பெனி வேனில்தான் பொழுது போகும். காலையில் கிள்ளான், மதியம் ஈப்போ, ராத்திரி சுங்கைப்பட்டாணி. ஒரு தைப்பூச விரதம் முடிந்த பிறகும் சைவத்தை விட மனசு வரவில்லை. கொஞ்ச நாளில் முட்டை, பால், நெய், தேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். இதைத்தான் வீகன் என்கிறார்கள், தமிழில் நனிசைவம்.

முடிவு எடுப்பது சுலபம். சாலையில் அதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். முதல் மாதத்தில் ஒரு நாள், காலையிலிருந்து வெறும் கோப்பி ஓ மட்டும் குடித்துவிட்டு நெடுஞ்சாலையில் ஓட்டினேன். தாப்பாவைத் தாண்டியதும் கண் இருட்டியது. வேன் ஓரக் கோட்டில் ஏறி டரடரவென்று சத்தம் போட்டது. பக்கத்தில் இருந்த மலாய் அண்ணன் சட்டென்று ஸ்டீயரிங்கைப் பிடித்ததால் இரண்டு பேரும் பிழைத்தோம்.

வண்டியை ஓரம் கட்டியதும், “ஏன் சாப்பிடல?” என்று கேட்டார். “கடையில எனக்கு ஒன்னும் இல்ல, அபாங்” என்றேன். “நோன்பு மாசத்துல நான் சஹூர் சாப்பிட்டுத்தான் வேலைக்கு வர்றேன். நீ ஏன் ஒரு ஏற்பாடும் இல்லாம வர்ற?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. விரதம் என்றால் பட்டினி என்று நினைத்திருந்தேன். அது திட்டமும்தான் என்று அன்றைக்குப் புரிந்தது. அதிலிருந்து நான் கற்றுக்கொண்ட நான்கு பாடங்கள் இவை.

1. பையைக் கட்டு. நெய் சேர்க்காத புளிச்சாதம், சப்பாத்தியோடு கெட்டியான உருளைக்கிழங்குப் பிரட்டல். புளியும் எண்ணெயும் இருப்பதால் புளிச்சாதம் மதியம் வரை நன்றாகத் தாங்கும். தேங்காய்ப்பால் சேர்த்த கறி வெயிலில் நிற்கும் வேனில் சீக்கிரம் கெட்டுவிடும். அதை வீட்டிலேயே சாப்பிடுங்கள். நொறுக்குத் தீனிக்கு அவித்த கச்சான், கடலைச் சுண்டல், பேரீச்சம்பழம், வாழைப்பழம்.

2. கேட்கக் கற்றுக்கொள். ‘சாயோர்’ என்று எழுதியிருந்தால் சைவம் என்று நம்பிவிடாதீர்கள். கங்கோங் பிரட்டலில் பெலாச்சான் இருக்கும், அது இறால். நாசி லெமாக் சம்பலில் நெத்திலி. ரொட்டி சானாய் மாவில் பெரும்பாலும் நெய்யோ மார்ஜரினோ, சில கடைகளில் முட்டையும் பாலும் சேரும். சீனர் சைவக் கடையிலும் முட்டை இருக்கலாம். வெட்கப்படாமல், “தாக் நாக் பெலாச்சான், தாக் நாக் ஈக்கான் பிலிஸ், தாக் நாக் தெலோர், தாக் நாக் சூசு” என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். தே கேட்டால் பால் ஊற்றித்தான் தருவார்கள். ‘தே ஓ’ என்று கேளுங்கள். இட்லி, நெய் தடவாத தோசை, வாழையிலைச் சாப்பாட்டில் சோறு, சாம்பார், ரசம் கை கொடுக்கும். மோரும் பாயசமும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

3. உடம்பைக் கவனி. பருப்பு, தௌஹு, தெம்பே தினமும் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். வைட்டமின் பி12 செடி உணவில் நம்பும்படி கிடைக்காது. நனிசைவர்கள் மாத்திரையாகவோ, அது சேர்த்த உணவாகவோ எடுத்தே ஆகவேண்டும். டாக்டரிடம் கேளுங்கள். பசியோடு ஸ்டீயரிங்கைப் பிடிக்காதீர்கள். கொல்லாமைக்காக விரதம் இருந்துகொண்டு, சாலையில் இன்னொரு உயிரை ஆபத்தில் வைப்பது என்ன தர்மம்?

4. வாயையும் அடக்கு. திருக்குறளின் 26ஆம் அதிகாரம் புலால் மறுத்தல். தின்பதற்காக வாங்குபவர் இல்லையென்றால் விற்பவரும் இருக்கமாட்டார் என்பது அதில் வள்ளுவர் சொல்லும் ஒரு கருத்து. அதை நான் என் பணப்பைக்குச் சொல்லிக்கொள்கிறேன். பக்கத்து மேசைக்குச் சொல்வதில்லை. “பால்குடம் தூக்குறியே, பால் குடிக்க மாட்டியா?” என்று ஒரு நண்பன் கிண்டல் பண்ணினான். “கோயில் வழக்கத்தோட நான் சண்டைக்கு வரல. என் தட்டுக்கு மட்டும் நான் பொறுப்பு” என்றேன். அதோடு விட்டுவிட்டான்.

இப்போது ஓய்விடத்தில் நிறுத்தினால், அந்த அண்ணனே எனக்கு முன்னால் போய், “இதுல பெலாச்சான் இருக்கா மாக்சிக்?” என்று கேட்டுவிட்டு வருகிறார். என் புளிச்சாதத்தில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

சிந்திக்க:
- நீங்கள் கடைசியாக விரதத்தை இடையில் விட்டது எதனால்? ஆசையாலா, ஏற்பாடு இல்லாததாலா?
- உங்கள் விரதத்துக்குத் துணை நிற்கும் வேற்று மத நண்பர் யார்? அவருடைய நோன்புக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?

செய்து பாருங்கள்: வரும் வெள்ளிக்கிழமை, வேலைக்கோ கல்லூரிக்கோ போகும்போது ஒரு வேளை நனிசைவச் சாப்பாட்டை நீங்களே சமைத்துக் கட்டிக்கொண்டு போங்கள். அம்மாவிடம் கொடுத்துவிடாதீர்கள்!